ஆறு இடங்களும் இரண்டு இலாகாக்களும்

2020 பிப்ரவரி 5ஆம் தேதி, ஜெர்மனியின் துரிங்கியா மாநிலச் சட்டமன்றத்தில் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்க மூன்றாம் சுற்று வாக்கெடுப்பு நடந்தது. பதவியில் இருந்த இடதுசாரிக் கட்சியின் போடோ ராமெலோவுக்கு 44 வாக்குகள். சுதந்திர ஜனநாயகக் கட்சியின் தாமஸ் கெம்மரிஷுக்கு 45. ஓர் உறுப்பினர் யாருக்கும் வாக்களிக்கவில்லை. களத்தில் மூன்றாவதாக ஒருவரும் இருந்தார். தீவிர வலதுசாரிக் கட்சியான ‘ஜெர்மனிக்கான மாற்று’ நிறுத்திய வேட்பாளர் அவர். அவருக்கு விழுந்த வாக்குகள் பூஜ்யம். அவரை நிறுத்திய கட்சியின் 22 உறுப்பினர்களில் ஒருவர்கூட அவருக்குப் போடவில்லை. வேட்பாளரைப் பொம்மையாக நிறுத்திவிட்டு, மொத்த வாக்குகளையும் கெம்மரிஷுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

முடிவு அறிவிக்கப்பட்டதும் இடதுசாரிக் கட்சியின் சட்டமன்றக் குழுத் தலைவர் பூங்கொத்தோடு புது முதலமைச்சரை நோக்கி நடந்தார். கையில் கொடுக்கவில்லை, காலடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அந்தக் காட்சி அன்று மாலையே நாடு முழுவதும் ஓடியது.

கெம்மரிஷ் பாசிஸ்டு அல்ல. அவர் கட்சி, சட்டமன்றத்துக்குள் நுழையத் தேவையான 5 சதவீதத்தை வெறும் 73 வாக்குகளில் தாண்டிய கட்சி. மொத்தம் ஐந்து உறுப்பினர்கள். தலையில் முடியில்லாத அவர், தேர்தல் சுவரொட்டியில் தன் மொட்டைத் தலையைக் காட்டி, வரலாற்று வகுப்பைக் கவனித்த மொட்டைத் தலையர் ஒருவர் கடைசியில் வந்துவிட்டார் என்று கேலி செய்திருந்தார். மொட்டை அடித்துத் திரியும் நவநாஜி இளைஞர்களைக் குத்திய கேலி அது. அப்படிப்பட்டவர்தான், போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் தீவிர வலதுசாரிகளின் வாக்கால் தேர்வான முதல் மாநில முதலமைச்சர் ஆனார். தென்னாப்பிரிக்காவில் பயணத்தில் இருந்த அன்றைய பிரதமர் அங்கேலா மெர்க்கெல் அங்கிருந்தே இதை மன்னிக்க முடியாதது என்று கண்டித்தார். மூன்றாம் நாள் கெம்மரிஷ் பதவி விலகினார். அடுத்த சில நாட்களில் மெர்க்கெலின் கட்சித் தலைவரும் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

ஐந்து உறுப்பினர் கட்சியைச் சேர்ந்த ஒருவர் சில நாள் முதலமைச்சராக இருந்ததற்கு ஒரு நாடே ஏன் இப்படிப் பதற வேண்டும்? சம்பவம் நடந்தது துரிங்கியாவில் என்பதால். பாசிசம் மீண்டும் ஆட்சிக்கு வருமா என்ற கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பெர்லினையும் ரோமையும் பார்க்கிறார்கள். நான் இந்தச் சிறிய மாநிலத்தைப் பார்க்கச் சொல்வேன். ஜெர்மனியில் நாஜிகள் முதன்முதலாக அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தது இங்கேதான். 1930இல், 53 பேர் சட்டமன்றத்தில் வெறும் ஆறு உறுப்பினர்களை வைத்துக்கொண்டு.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் மேடைகளில் பாசிசம் வசவாகிவிட்டது. பேருந்துக் கட்டணம் ஏறினாலும் பாசிசம், ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்தாலும் பாசிசம். எல்லாச் சர்வாதிகாரமும் பாசிசம் அல்ல. ராணுவ சர்வாதிகாரி மக்களை வீட்டுக்குள் அடைத்து வைக்க விரும்புவான். பாசிசமோ மக்களைத் தெருவுக்கு அழைத்துவரும், சீருடை மாட்டும், வரிசையில் நிறுத்தும். தேசம் அவமானப்பட்டுச் சீரழிந்துவிட்டது, சீரழித்தவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள், அவர்களைக் களைந்தால் தேசம் மறுபிறப்பு எடுக்கும், அந்தக் களையெடுப்பில் வன்முறை குற்றமல்ல, கடமை – இந்த நான்கும் சேர்ந்து ஒரு தலைவனுக்குப் பின்னால் அணிவகுக்கும்போதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. தேர்தலும் நாடாளுமன்றமும் அதற்கு ஏணி. ஏறியபின் எட்டி உதைக்க வேண்டியவை.

அமெரிக்க வரலாற்றாய்வாளர் ராபர்ட் பாக்ஸ்டன், 2004இல் வெளியான தன் நூலில், பாசிசத்தை அது பேசுவதை வைத்து எடைபோடாமல் செய்வதை வைத்து எடைபோட வேண்டும் என்றார். நிலைபெற்ற ஓர் அரசைப் பாசிஸ்டுகள் கிளர்ச்சியால் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்ததாக வரலாற்றில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். முசோலினியின் ‘ரோம் படையெடுப்பு’ என்று பாடப்புத்தகங்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 அக்டோபர் 28 அன்று பிரதமர் கேட்ட ராணுவச் சட்ட ஆணையில் கையெழுத்துப் போட அரசர் மறுத்தார். கருஞ்சட்டைக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டு நகருக்கு வெளியே காத்திருக்க, தலைவர் மிலானில் இருந்தார். அரசரின் அழைப்பு வந்தபிறகு இரவு ரயிலில் படுக்கை வசதியுள்ள பெட்டியில் ரோம் வந்து சேர்ந்தார். படையெடுப்பு என்பது பின்னாளில் சேர்த்துக்கொண்ட பெருமை.

கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டவர்கள் யார், எதற்காகத் திறந்தார்கள் என்பதே கேள்வி. துரிங்கியாவில் அதற்கான விடை மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

வைமார் அந்த மாநிலத்தின் அன்றைய தலைநகரம். கதே, ஷில்லர் வாழ்ந்த ஊர். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் குடியரசின் அரசியலமைப்பு எழுதப்பட்டதும் அங்கேதான். அதே ஆண்டான 1919இல் வால்டர் குரோப்பியஸ் பௌஹௌஸ் கலைப்பள்ளியை அங்கே தொடங்கினார். 1924 தொடக்கத்தில் நடந்த மாநிலத் தேர்தலில் வலதுசாரிக் கட்சிகள் ஓரணியாக நின்று 72இல் 35 இடங்களைப் பிடித்தன. பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. இன்றைய நம் வழக்கில் சொன்னால் தொங்கு சட்டமன்றம். ‘இனவாதப் பட்டியல்’ என்ற பெயரில் வென்றிருந்த ஏழு பேர் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் மியூனிக்கில் ஹிட்லரின் ஆயுதக் கிளர்ச்சி தோற்று, அவர் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. துரிங்கிய அரசு அந்தத் தடையைத் தன் எல்லைக்குள் நீக்கியது. பௌஹௌஸுக்கு ஒதுக்கிய பணத்தைப் பாதியாக வெட்டியது. பள்ளி 1925இல் டெஸ்ஸாவுக்குக் குடிபெயர்ந்தது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் பொதுக்கூட்டத்தில் பேசத் தடைவிதிக்கப்பட்டிருந்த ஹிட்லருக்குத் துரிங்கியாவில் தடையில்லை. ஆகவே 1926இல் நாஜிக் கட்சியின் மாநாடு வைமாரிலேயே கூடியது.

இந்தச் சலுகைகளைத் தந்தவர்கள் நாஜிகள் அல்லர். நிலவுடைமையாளர்கள், தொழிலதிபர்கள், அரசு ஊழியர்களின் கட்சிகள். அவர்களுக்கு இடதுசாரிகள்மேல் அச்சம், குடியரசின்மேல் அருவருப்பு. ஏழு பேர் ஆதரவு கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு என்று நினைத்தார்கள்.

1929 டிசம்பர் 8 அன்று நடந்த தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 11.3 சதவீதம் வாக்குகளும் ஆறு இடங்களும் கிடைத்தன. முந்தைய ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய அளவில் அதன் பலம் 2.6 சதவீதம் மட்டுமே, உதிரிக் கட்சி. ஆனால் துரிங்கியாவில் வலதுசாரிகளுக்கு அந்த ஆறும் தேவைப்பட்டன. பேச்சுவார்த்தைக்கு ஹிட்லரே வந்தார். அவர் கேட்டது முதலமைச்சர் பதவி அல்ல, நிதித்துறையும் அல்ல. இரண்டே இலாகாக்கள்: உள்துறை, கல்வித்துறை.

காவல்துறையும் அரசு ஊழியர் நியமனமும் உள்துறையிடம். பள்ளி, பல்கலைக்கழகம், நாடக அரங்கு, அருங்காட்சியகம் எல்லாம் கல்வித்துறையிடம். ஜெர்மனியில் அன்றும் இன்றும் இவை மாநிலங்களின் கையில் உள்ள துறைகள். இந்த இரண்டையும் ஈவிரக்கமின்றி, விடாமல் பயன்படுத்துகிறவனால் பெரும் சாதனை செய்ய முடியும் என்று ஹிட்லர் 1930 பிப்ரவரி 2 தேதியிட்ட கடிதத்தில் விளக்கியிருக்கிறார். அமைச்சராக அவர் முன்மொழிந்த வில்ஹெல்ம் ஃப்ரிக், 1923 கிளர்ச்சியில் பங்கேற்றுத் தண்டனை பெற்றவர். இப்படிப்பட்டவரிடம் காவல்துறையா என்று கூட்டணியிலிருந்த மக்கள் கட்சி தயங்கியது. ஹிட்லர் மீண்டும் தேர்தல் என்று மிரட்டினார். வைமாரில் தொழிலதிபர்களைக் கூட்டிப் பேசினார். அந்தத் தொழிலதிபர்கள் மக்கள் கட்சியை நெருக்கினார்கள். கட்சி இறங்கி வந்தது. ஜனவரி 23 அன்று ஃப்ரிக் பதவியேற்றார்.

அடுத்த 14 மாதங்களில் அவர் செய்தவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறியவை. ஒரு நாளிதழின் உள்பக்கச் செய்திகள். மார்ச் மாதம், நிர்வாகச் செலவைக் குறைப்பதாகச் சொல்லி, ஆணைகளால் துறைகளை மாற்றியமைக்க அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம் நிறைவேறியது. அதன் ஜெர்மன் பெயர், மூன்றாண்டுக்குப் பிறகு ஹிட்லருக்கு முழு அதிகாரம் தந்த சட்டத்துக்குப் பரவலாக வழங்கும் பெயரேதான். சிக்கனம் என்ற போர்வையில் குடியரசு ஆதரவாளர்களான அதிகாரிகள் வெளியேற்றப்பட்டார்கள். காவல்துறையில் தன் ஆட்களை நுழைத்தார். பெர்லினிலிருந்த மத்திய உள்துறை அமைச்சர் துரிங்கியக் காவல்துறைக்கான மானியத்தை நிறுத்தினார். வழக்கு நடந்தது. ஆண்டு முடிவில் சமரசம் ஏற்பட்டு மானியம் மறுபடி வந்தது.

பள்ளிகளில் புதிய பிரார்த்தனைகளைப் பரிந்துரைத்தார். மக்களை ஏமாற்றியவர்களிடமிருந்தும் தேசத் துரோகிகளிடமிருந்தும் விடுதலை வேண்டும் வகையில் அவை அமைந்திருந்தன. யாரைச் சொல்கிறது என்று வகுப்பறையிலிருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் புரியும். அவற்றில் மூன்று அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீதிமன்றம் சொன்னது. போர் எதிர்ப்பு நாவல் எழுதிய எரிக் மரியா ரெமார்க்கைப் பள்ளிகளிலிருந்து விலக்கினார். ‘நீக்ரோ கலாசாரத்துக்கு எதிராக’ என்ற தலைப்பில் ஓர் ஆணை வந்தது. ஜாஸ் இசையும் அதைப் போன்றவையும் காவல்துறையின் கவலையாயின. யேனா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர்களின் எதிர்ப்பை மீறி, இனவாத எழுத்தாளர் ஹான்ஸ் குந்தருக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கிக் கொடுத்தார். நவம்பரில் அவருடைய முதல் உரைக்கு ஹிட்லரே வந்து உட்கார்ந்தார். பௌஹௌஸ் இருந்த கட்டடத்தில் ஒஸ்கார் ஷ்லெம்மர் தீட்டிய சுவரோவியங்கள் வெள்ளையடிக்கப்பட்டன. வைமார் அரண்மனை அருங்காட்சியகத்திலிருந்து பால் கிளே, காண்டின்ஸ்கி போன்றவர்களின் ஓவியங்கள் இறக்கப்பட்டன. 1937இல் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று கண்காட்சி வைத்து ஏளனம் செய்தார்களே, அதற்கு ஏழு வருடம் முன்பே ஒத்திகை முடிந்துவிட்டது.

இடையில் ஒரு கோமாளிக் கூத்தும் உண்டு. ஆஸ்திரியரான ஹிட்லருக்கு அப்போது ஜெர்மன் குடியுரிமை கிடையாது. அரசு உத்தியோகம் கிடைத்தால் குடியுரிமையும் கூடவே வரும் என்ற விதியைப் பயன்படுத்தி, ஹில்ட்பூர்க்ஹௌசன் என்ற சிற்றூரில் அவரைக் காவல் அதிகாரியாக நியமித்து ரகசியமாக ஆணை தயாரித்தார் ஃப்ரிக். ஹிட்லருக்கே வெட்கமாகிவிட்டது, தாளைக் கிழித்துப்போட்டார். 1932இல் விஷயம் வெளியே வந்தபோது ஊரே சிரித்தது. அதே மாதம் வேறொரு மாநிலமான பிரவுன்ஷ்வைக் வேறொரு உத்தியோகத்தைக் கொடுத்துக் குடியுரிமையை வாங்கித் தந்தது. அங்கேயும் கூட்டணி ஆட்சிதான். உள்துறை நாஜிகள் வசம்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்ததைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

1931 ஏப்ரல் 1 அன்று மக்கள் கட்சி, ஓயாத வசைகளைப் பொறுக்க முடியாமல், இடதுசாரிகளோடு சேர்ந்து நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு வாக்களித்து ஃப்ரிக்கை இறக்கியது. கதவைச் சாத்தவும் அவர்களால் முடிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குள் கட்சிக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. தெருச் சண்டைக்காரர்கள் என்றிருந்த பெயர் மாறி, அமைச்சரவையில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவர்கள் என்றாயிற்று. பெரும் பொருளாதார மந்தம் மீதியைச் செய்தது. 1932 ஜூலை 31 தேர்தலில் அதே துரிங்கியாவில் நாஜிகளுக்கு 42.5 சதவீதம், அடுத்த மாதம் ஃப்ரிட்ஸ் சௌக்கல் அரசின் தலைவரானார். ஹிட்லர் பெர்லினில் பதவியேற்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

அந்தக் கடைசி மாதங்களில் நடந்ததை அடிக்கடி மறந்துவிடுகிறோம். நாஜி அலை இறங்கிக்கொண்டிருந்தது. 1932 ஜூலையில் தேசிய அளவில் 37.3 சதவீதமாக இருந்த வாக்கு நவம்பரில் 33.1 ஆகக் குறைந்தது. 34 இடங்கள் போயின. டிசம்பர் தொடக்கத்தில் துரிங்கிய உள்ளாட்சித் தேர்தல்களில் பலத்த அடி விழுந்தது. கட்சிக் கருவூலம் காலி. இறங்கிக்கொண்டிருந்தவரை மேலே தூக்கிவிட்டவர்கள் முன்னாள் பிரதமர் ஃபிரான்ஸ் ஃபான் பாப்பனும் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கைச் சூழ்ந்திருந்தவர்களும். 1933 ஜனவரி 30 அமைச்சரவையில் ஹிட்லரைச் சேர்த்து நாஜிகள் மூவர் மட்டுமே. மற்ற நாற்காலிகள் பழமைவாதிகளிடம் இருந்ததால் அவரைக் கட்டிப்போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்த மூவரில் ஒருவர் மத்திய உள்துறை அமைச்சர்: வில்ஹெல்ம் ஃப்ரிக். இன்னொருவரான கோரிங்கிடம் பிரஷ்யாவின் உள்துறை, அதாவது நாட்டின் மிகப்பெரிய காவல்படை. துரிங்கியாவில் போட்ட அதே கணக்கு. இடம் கொடுத்தவர்களிடம் மடம் இரண்டே மாதத்தில் பிடுங்கப்பட்டது: பிப்ரவரி 28 அவசர ஆணை, மார்ச் 22 டாக்கௌ முகாம், மார்ச் 23 அதிகாரமளிக்கும் சட்டம். கடைசிச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர்கள் 94 சமூக ஜனநாயகவாதிகள் மட்டுமே. மற்றக் கட்சிகள் எல்லாம் கை தூக்கின. கம்யூனிஸ்டுகள் அவைக்குள் வரவே விடப்படவில்லை.

1937 ஜூலையில் வைமாருக்கு எட்டு கிலோமீட்டர் தொலைவில், கதே உலாவிய எட்டர்ஸ்பெர்க் குன்றில், புஹென்வால்ட் முகாம் திறக்கப்பட்டது. அங்கே சுமார் 56,000 பேர் இறந்தார்கள். ஃப்ரிக்கும் சௌக்கலும் 1946 அக்டோபர் 16 அன்று நியூரம்பெர்கில் ஒரே இரவில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இதெல்லாம் மந்தமும் போர்த்தோல்வியும் சேர்ந்து விளைவித்தவை, யார் என்ன செய்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்குப் பெல்ஜியத்தைக் காட்ட வேண்டும். 1936 மே மாதத் தேர்தலில் லியோன் டெக்ரெல் என்ற 29 வயதுப் பேச்சாளரின் ரெக்ஸ் கட்சி, முதல் முயற்சியிலேயே 202இல் 21 இடங்களைப் பிடித்தது. கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தின் பதிப்பகத்திலிருந்து முளைத்த கட்சி அது. ஆளும் கத்தோலிக்கக் கட்சியின் வீட்டுப் பிள்ளை என்றே சொல்லலாம். சேர்த்துக்கொள்வோம், நம் பையன்தானே என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். பலத்தைக் காட்ட டெக்ரெல் பிரஸ்ஸல்ஸில் தன் கட்சிக்காரர்களை ராஜினாமா செய்யவைத்து இடைத்தேர்தலை வரவழைத்து, தானே நின்றார். கத்தோலிக்கர், தாராளவாதிகள், சோஷலிஸ்டுகள் மூவரும் எதிரே ஒரே வேட்பாளரை நிறுத்தினார்கள்: பதவியிலிருந்த பிரதமர் பால் வான் ஜீலண்ட். கம்யூனிஸ்டுகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு கர்தினால் வான் ரூய், ரெக்ஸ் நாட்டுக்கும் திருச்சபைக்கும் ஆபத்து என்று அறிவித்தார். 1937 ஏப்ரல் 11: பிரதமருக்கு ஏறத்தாழ 76 சதவீதம், டெக்ரெலுக்கு 19. இரண்டாண்டு கழித்து அவர் கட்சிக்குக் கிடைத்தவை நான்கே இடங்கள். அதன்பின் டெக்ரெல் அதிகாரத்தைத் தொட்டது ஜெர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் வந்தபிறகு, அவர்களின் வால் பிடித்துத்தான்.

பெல்ஜியத்திலும் மந்தம் இருந்தது, வேலையின்மை இருந்தது. மாறுபட்டது ஒன்றுதான்: பழமைவாதிகள் தங்கள் வலப்பக்கத்தில் இருந்தவனைவிட இடப்பக்கத்தில் இருந்தவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் அறிந்தே செய்தார்கள்.

இனி இன்றைய துரிங்கியா. 2024 செப்டம்பர் 1 மாநிலத் தேர்தலில் ‘ஜெர்மனிக்கான மாற்று’ 32.8 சதவீதம் பெற்று முதலிடம் பிடித்தது. 88இல் 32 இடங்கள். போருக்குப் பிறகு ஒரு மாநிலத் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சி முதலாவதாக வந்தது அதுவே முதல் முறை. 1929இல் நாஜிகள் பெற்றதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு வாக்குச் சதவீதம். கட்சியின் மாநிலத் தலைவர் பியோர்ன் ஹோக்கே முன்னாள் வரலாற்று ஆசிரியர். நினைவுகூர்தல் விஷயத்தில் ஜெர்மனி 180 பாகை திரும்ப வேண்டும் என்று 2017இல் டிரெஸ்டனில் பேசியவர். அவரைப் பாசிஸ்டு என்று அழைப்பது உண்மை ஆதாரமுள்ள கருத்து, எனவே அனுமதிக்கத்தக்கது என்று 2019இல் ஒரு நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாஜி அடியாள் படையின் முழக்கத்தைக் கூட்டத்தில் பயன்படுத்தியதற்காக 2024இல் அவருக்கு இரண்டு முறை அபராதம் விதிக்கப்பட்டது. அது அந்தப் படையின் முழக்கம் என்று தெரியாது என்றார், வரலாற்று ஆசிரியர்.

கட்சி முழுவதையும் பாசிசம் என்று நான் சொல்லமாட்டேன். வரி, எரிசக்தி, குடியேற்றம் பற்றிய கோபத்தில் வாக்களித்தவர்களை நாஜிகள் என்பது தவறு மட்டுமல்ல, அது ஹோக்கேவுக்குச் செய்யும் சேவை. இத்தாலியை வைத்தும் இதையே சொல்லவேண்டும். ஜார்ஜா மெலோனியின் கட்சி, முசோலினியின் ஆட்கள் 1946இல் தொடங்கிய இயக்கத்தின் மூவர்ணச் சுடரை இன்னும் சின்னத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அவரது ஆட்சியில் எதிர்க்கட்சிகள் இயங்குகின்றன, பத்திரிகைகள் திட்டுகின்றன. பூர்வீகத்தை மறைக்கவும் வேண்டாம், பூர்வீகத்தையே தீர்ப்பாக்கவும் வேண்டாம். துரிங்கியாவில் நிலைமை அதைவிட மோசம். அங்கே கட்சியின் மாநிலப் பிரிவை மாநில உளவுத்துறையே 2021இல் தீவிரவாத அமைப்பு என்று வகைப்படுத்தியிருக்கிறது.

முதலிடம் வந்தவர்கள் ஆட்சிக்கு வரவில்லை. மெர்க்கெலின் கட்சியான கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தின் மாரியோ ஃபோய்க்ட், இடதுசாரியிலிருந்து பிரிந்த சாரா வாகன்க்னெக்ட்டின் புதுக் கட்சியையும் சமூக ஜனநாயகவாதிகளையும் சேர்த்துக் கூட்டணி அமைத்தார். மூன்றும் சேர்ந்து 44. சரிபாதி, பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. டிசம்பர் 12 அன்று வாக்கெடுப்பில் அவருக்கு 51 கிடைத்தது. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை: 12 பேர் வைத்திருந்த ராமெலோவின் இடதுசாரிக் கட்சி. கிழக்கு ஜெர்மானியக் கம்யூனிசத்தின் வாரிசு என்று ஒன்றியம் ஒதுக்கி வைத்திருந்த அதே கட்சி. 1930இல் ஆறு இடங்களுக்குத் திறந்த கதவு 2024இல் 32 இடங்களுக்குத் திறக்கவில்லை. எண்ணிக்கை மட்டுமே விதி என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

ஏன் திறக்கவில்லை? சீருடை அணிந்த லட்சக்கணக்கான அடியாட்கள் இன்று தெருவில் இல்லை. 1932இல் இருந்த அறுபது லட்சம் வேலையற்றோர் இல்லை. இவை முக்கியம்தான். இவற்றைவிட முக்கியமானது என்று நான் கருதுவது வேறு. 1930இன் பழமைவாதிகள் தாங்கள் ஆண்ட குடியரசையே வெறுத்தார்கள். இன்றைய பழமைவாதக் கட்சி இந்தக் குடியரசைக் கட்டியவர்களின் கட்சி. ஹிட்லரோடு கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி எட்டர்ஸ்பெர்க் குன்றில் நிற்கிறது. 2024 தேர்தலுக்கு முன் புஹென்வால்ட் நினைவகத்தின் இயக்குநர், 65 வயதைத் தாண்டிய சுமார் 3,50,000 பேருக்குக் கடிதம் அனுப்பி எச்சரித்தார். அதற்காக அவருக்கு மிரட்டல்கள் வந்தன.

ஆனால் கதவு சாத்தியிருக்கிறது என்பதால் வீடு பத்திரம் என்று பொருளல்ல. தேர்தலுக்குப் பின் புதுச் சட்டமன்றம் கூடிய செப்டம்பர் 26 அன்றே அது தெரிந்தது. மூத்த உறுப்பினர் தற்காலிகமாகத் தலைமை வகிப்பது மரபு. அவர் ‘மாற்று’ கட்சிக்காரர். மற்றக் கட்சிகள் கொண்டுவந்த தீர்மானங்களை எடுத்துக்கொள்ளவே அவர் மறுத்தார், பெயர் கூப்பிடுவதைக்கூடத் தள்ளிப்போட்டார். வைமாரிலுள்ள மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்ட பிறகு, இரண்டு நாள் கழித்துத்தான் அவைத்தலைவர் தேர்வானார். அடுத்து நீதிபதிகள் விவகாரம். நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் சட்டமன்ற உறுப்பினர்களை அமர்த்த அவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 88இல் 32 என்பது மூன்றில் ஒன்றுக்கு மேல். அந்தப் பூட்டின் சாவி அவர்கள் கையில். அவைத் துணைத்தலைவர் பதவி தந்தால் திறக்கிறோம் என்று பேரம் பேசினார்கள். ஆட்சிக்கு வராமலேயே நீதித்துறையின் குழாயைத் திருகி மூடும் வழி இது. இந்த அபாயத்தை மாக்சிமிலியன் ஸ்டைன்பைஸ் தலைமையிலான சட்ட ஆய்வாளர்கள் தேர்தலுக்கு முன்பே விரிவாக எழுதி, சட்டமன்றத்திடம் திருத்தங்கள் கேட்டிருந்தார்கள். மாநிலம் பெரிதாக அசையவில்லை. மத்தியில் மட்டும் 2024 டிசம்பரில், உச்ச அரசியலமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதிகள் எண்ணிக்கையையும் பதவிக்காலத்தையும் அடிப்படைச் சட்டத்துக்குள் எழுதிப் பூட்டினார்கள்.

சட்டத்தால் தடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. ஜெர்மன் அடிப்படைச் சட்டம், குடியரசை ஒழிக்க முனையும் கட்சியைத் தடைசெய்ய இடம் தருகிறது. 1952இல் நாஜி வாரிசுக் கட்சி ஒன்றும் 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியும் தடைசெய்யப்பட்டன. 2017இல் தேசிய ஜனநாயகக் கட்சியைத் தடைசெய்ய நீதிமன்றம் மறுத்தது; நோக்கம் தீயதுதான், ஆனால் நிறைவேற்றும் சக்தி அதற்கு இல்லை என்றது. சின்னக் கட்சியைத் தடைசெய்யத் தேவையில்லை. 2025 நாடாளுமன்றத் தேர்தலில் 20.8 சதவீதம் வாங்கிய கட்சியைத் தடைசெய்தால் அத்தனை வாக்காளர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. எந்த அளவில் தடைசெய்வது பொருத்தம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதே சட்டம் மறுபக்கமும் வெட்டும்: 2020இல் மெர்க்கெல் தென்னாப்பிரிக்காவில் சொன்னது, பிரதமர் பதவியின் நடுநிலையை மீறி ‘மாற்று’ கட்சியின் சமவாய்ப்பைப் பறித்தது என்று 2022இல் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். விதியை எதிரிக்கும் பொருத்துவதுதான் ஹோக்கேவிடமிருந்து அந்த நீதிமன்றத்தை வேறுபடுத்துகிறது.

எனக்குக் கவலை தருவது பெரிய முறிவுகள் அல்ல. 2023 செப்டம்பரில் துரிங்கியச் சட்டமன்றத்தில், வீடு, மனை வாங்கும்போது கட்டும் வரியை 6.5 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைக்கும் மசோதாவைக் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம் கொண்டுவந்தது. ‘மாற்று’ கட்சி ஆதரித்தது, மசோதா நிறைவேறியது. நல்ல மசோதாவைத் தவறானவர்கள் ஆதரித்தால் விட்டுவிட முடியுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2025 ஜனவரி 29 அன்று பெர்லின் நாடாளுமன்றத்தில் குடியேற்றம் பற்றி ஒன்றியத்தின் தலைவர் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் அதே கட்சியின் வாக்குகளோடு 348க்கு 345 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து அதே விஷயத்தில் மசோதா வந்தபோது, மெர்ஸின் சொந்தக் கட்சியினர் சிலரே வராமல் ஒதுங்க, தோற்றது. வீட்டுமனை வரியில் தொடங்கிய பழக்கம் 16 மாதத்தில் தலைநகருக்கு வந்தது. வராமல் ஒதுங்கிய சிலர் யார் என்பதில்தான் வரலாறு தொங்குகிறது. 1930இல் வைமார் தொழிலதிபர்களின் சொல்லுக்கு இறங்கி வந்த மக்கள் கட்சிக்குள் அப்படிச் சிலர் போதவில்லை.

சாத்திய கதவுக்கும் விலை உண்டு. ஒன்றுக்கொன்று ஒட்டாத கட்சிகள், வலதுசாரியைத் தடுப்பது ஒன்றுக்காகவே கூடி, எதையும் உருப்படியாகச் செய்ய முடியாமல் தேங்கி நின்றால், வெளியே நிற்பவன் வளர்வான். பெல்ஜியத்தில் 1937இல் ஒரே நாளில் முடிந்த வேலை, அங்கேயே பிளெமிஷ் தீவிர வலதுசாரிகளுக்கு எதிராக 1989 முதல் முப்பதாண்டுக்கும் மேலாக இழுத்துக்கொண்டிருக்கிறது. 2024இல் அந்தக் கட்சி பிளெமிஷ் பகுதியில் 22 சதவீதத்தைத் தாண்டியது. சேர்க்காமல் இருப்பது நேரம் வாங்கித் தரும். வாங்கிய நேரத்தில் பள்ளி, பேருந்து, மருத்துவர் இல்லாத துரிங்கியச் சிற்றூர்களுக்கு ஏதாவது போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கணக்கு. 1990க்குப் பிறகு அங்கிருந்து லட்சக்கணக்கானோர் மேற்கே போய்விட்டார்கள். போனவர்களில் இளைஞர்களும் பெண்களும் அதிகம்.

பாசிசம் திரும்புமா என்று கேட்கிறவர்களிடம், உங்கள் மாநிலத்தில் உள்துறையும் கல்வித்துறையும் யாரிடம் என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். 1925இல் வைமாரிலிருந்து விரட்டப்பட்ட பௌஹௌஸ், டெஸ்ஸாவில் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டது. அங்கே நகராட்சி நாஜிகள் கைக்குப் போக, 1932இல் அங்கேயும் மூடப்பட்டது. இன்று டெஸ்ஸா இருப்பது சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில். பள்ளி அங்கே குடியேறியதன் நூற்றாண்டைக் கொண்டாட ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த 2024 அக்டோபரில், அந்த மாநிலச் சட்டமன்றத்தில் ‘ஜெர்மனிக்கான மாற்று’ ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. பௌஹௌஸை அளவுக்கு மீறிப் போற்றவேண்டாம், அது நவீனத்தின் தவறான பாதை என்றது தீர்மானம். மற்ற எல்லாக் கட்சிகளும் சேர்ந்து அதைத் தோற்கடித்தன.